அக்கா சொல்லவில்லை என்று சொல்லச் சொன்னாள்

ராஜபாளையம்
8-9-2024

அன்புள்ள அத்தானுக்கு, கொழுந்தியாள் பாண்டிசெல்வி எழுதுவது. நானும் உங்கள் சகலையும் சவுக்கியம். உங்கள் உடம்பு, சாப்பாடு, தூக்கம் மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் போடவும்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். மதுரை ஏர்போர்ட்டில் உங்களை உள்ளே அனுப்பிவிட்டு, வெளியே வேலி ஓரம் நின்று ஒரு பிளேனைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதேன். இரண்டு கையாலும் டாட்டா காட்டினேன். பக்கத்தில் டீக்கடைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, அது துபாயில இருந்து எறங்குற பிளேனு. உங்க ஆளு பிளேனு இன்னும் கெளம்பல" என்றார். மறுபடி அழலாம் என்றால் வரவில்லை. நீங்கள் நிஜமாகவே பறந்தபோது நான் வடை தின்றுகொண்டிருந்தேன். மன்னிக்கவும்.

நீங்கள் சொன்னபடி தாளில் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன். சனிக்கிழமை சந்தைக்கு வந்தால்தான் உங்களுக்கு சிக்னல் என்கிறீர்கள். பேசி அனுப்பினால் இறங்க மாட்டேன் என்கிறதாம். லாவோஸ் என்று ஒரு நாடு இருப்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். அங்கே போய் சம்பளமில்லாமல் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்க ஒரு ரிட்டயர்ட் வாத்தியார் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்துதான் கிடைத்தாரா?

அக்கா விஷயத்துக்கு வருகிறேன். இன்னும் அதே கோபம்தான். நீங்கள் போனது குற்றமில்லையாம். லைப்ரரியில் சொல்லியிருக்கிறீர்கள், சலூனில் சொல்லியிருக்கிறீர்கள், வீட்டில் மட்டும் சொல்லவில்லை. ரேஷன் கடை வரிசையில் யாரோ, "வாத்தியாரு வெளிநாடு போறாகளாமே" என்று கேட்டுத்தான் அவளுக்குத் தெரியும். பாமாயிலை அங்கேயே வைத்துவிட்டு வந்தவள் அத்தான் அவள். உங்கள் நம்பரை போனில் இருந்து அழிக்கிறேன் என்று கேஸ் கம்பெனி நம்பரையும் சேர்த்து அழித்துவிட்டாள். இப்போது சிலிண்டர் பதிய பஸ் ஏறி என் வீட்டுக்கு வருகிறாள்.

ஒரு வார்த்தை ஆறுதலாக எழுதிப் போடுங்கள். நான் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்.

இப்படிக்கு,
மாவு கிரைண்டர் நிற்கும் நேரத்தில் எழுதும்
பாண்டிசெல்வி

*

லாவோஸ்
21-9-2024

அன்புள்ள செல்விக்கு,

நலம். சாப்பாடு நலம். தூக்கம் நலம். சகலையின் ரத்த அழுத்தத்தைக் கவனிக்கச் சொல்.

உன் கடிதத்தில் இருந்த பிழைகளைச் படத்தின் மேலேயே சிவப்பில் வட்டமிட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

பள்ளி ஆற்றங்கரையில் இருக்கிறது. படகில்தான் போக வேண்டும். பிள்ளைகள் செருப்பை வாசலில் வரிசையாகக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறார்கள். ஒழுக்கமான பிள்ளைகள். பாடம் திருப்தியாக நடக்கிறது. தன்னார்வலர்களைக் கவனித்துக்கொள்ள நொய் என்று ஒரு பெண் இருக்கிறாள். நம் பையன் கௌதம்ராஜைவிடச் சின்னவள். அவள் பாடம் நடத்தும் முறை வேறு. போகப் போகச் சரியாகிவிடும்.

இங்கே பிசுபிசுப்பான சோற்றை மூங்கில் கூடையில் வைத்து உருட்டித் தின்கிறார்கள். குழம்பு என்ற ஒன்று கிடையாது.

உன் அக்காவிடம் சொல்ல வேண்டியவை: மோட்டாரைத் தண்ணீர் இல்லாதபோது ஓட விடக் கூடாது. ஸ்கூட்டரை வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து நிறுத்த வேண்டும். வேறொன்றுமில்லை.

பி.கு. முழங்காலுக்கு நான் தடவும் தைலத்தின் பெயர் அக்காவுக்குத் தெரியும். கேட்டு எழுதவும்.

அன்புடன்,
தங்கப்பாண்டியன்

*

ராஜபாளையம்
30-9-2024

அன்புள்ள அத்தானுக்கு, செல்வி வணக்கம். உங்கள் சகலைக்குப் பிரஷர் இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு எனக்குத்தான் இருக்கிறது.

ஆறுதலாக ஒரு வார்த்தை கேட்டால் மோட்டாரையும் ஸ்கூட்டரையும் எழுதி அனுப்புகிறீர்களே! கடைசியில் "வேறொன்றுமில்லை" வேறு. அதை அப்படியே கொண்டுபோய்ப் படித்தால் கரண்டி பறக்கும். அதனால் நானாகக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன். "அத்தான் உன் குழம்பை நினைத்துக் கண் கலங்கினாராம்" என்றேன். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிராமல், "கண்ணு கலங்குனா அங்க ஆஸ்பத்திரி இல்லையாமா?" என்றாள்.

அவள் உங்களோடு பேசுவதில்லை. உங்களுக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் சுவரைப் பார்த்துச் சொல்கிறாள். இடையில் நான் இருக்கிறேன். பருப்புப்பொடி இடித்து ஒரு டப்பாவில் அடைத்து, "இது யாருக்கும் இல்ல, மிஞ்சிப்போச்சு. தபால்ல போடுறதுன்னா போடு. நான் சொன்னேன்னு சொல்லாத" என்றாள். அதனால் அக்கா சொல்லவில்லை என்று சொல்லச் சொன்னாள். சொல்லிவிட்டேன். பொடி வரும்.

தைலத்தின் பெயரைக் கேட்டேன். பெயரைச் சொல்லவில்லை, ஒரு பாட்டிலை எடுத்துப் பொடியோடு வைத்தாள். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஏட்டி, கதவு மாதிரி ஒரே எடத்துல நின்னு பாடம் நடத்துற மனுசனுக்கு முழங்காலு எதுக்கு வலிக்கும்?"

எனக்கும் அதே சந்தேகம்தான். பதில் போடவும்.

ஸ்கூட்டரை உங்கள் சகலை ஸ்டார்ட் செய்தார். நின்றுவிட்டது. அவ்வளவுதான் விஷயம், பதற வேண்டாம்.

இப்படிக்கு,
வட்டம் போட நிறைய இடம் விட்டு எழுதியிருக்கும்
பாண்டிசெல்வி

*

லாவோஸ்
19-10-2024

அன்புள்ள செல்விக்கு,

நலம். உன் நலமும் அவ்வண்ணமே ஆகுக.

பொடி இன்னும் வந்து சேரவில்லை. ஸ்கூட்டர் எப்படி நின்றது என்று விவரமாக எழுதவும்.

இப்போது நெல் அறுவடை. வகுப்பில் ஒரு பிள்ளையும் இல்லை. எல்லாரும் மலைச்சரிவில் வயலில் இருக்கிறார்கள். இரண்டு நாள் காலி பெஞ்சுகளைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் நானும் வயலுக்குப் போய்விட்டேன். கதிர் கட்டத் தெரியாததால் தண்ணீர் தூக்கிக் கொடுத்தேன். வரப்பில் வைத்து கொஞ்சம் பாடமும் நடந்தது.

முழங்கால் பற்றிக் கேட்டிருந்தாய். வயது காரணம்.

உன் அக்காவுக்கு: கேஸ் புத்தகம் பீரோவின் இரண்டாம் தட்டில் இருக்கிறது. அதில் நம்பர் அச்சாகியிருக்கிறது. உன் வீட்டுக்கு வர வேண்டிய அவசியமில்லை.

அன்புடன்,
தங்கப்பாண்டியன்

*

ராஜபாளையம்
3-11-2024

அத்தானுக்குத் தீபாவளி போன மூன்றாம் நாள் எழுதுவது. நாங்கள் சுகம். வயிறு மட்டும் எல்லாருக்கும் சுகமில்லை.

கேஸ் புத்தகத்தை அக்காவிடம் சொன்னேன். "எனக்குத் தெரியாதா அது பீரோவுல இருக்குன்னு? அந்தச் சாக்குலயாவது எந்தங்கச்சி வீட்டுக்கு வந்து செத்த நேரம் உக்காந்திருக்கேன். அதுக்கும் வழி சொல்லிட்டாகளாக்கும்" என்றாள். அத்தான், இதைப் படித்ததும் உங்களுக்கு ஏதாவது தோன்ற வேண்டும். தோன்றாவிட்டால் திரும்பப் படிக்கவும்.

தீபாவளிக்கு கௌதம்ராஜ் சென்னையில் இருந்து வந்து ஒருநாள் இருந்துவிட்டுப் போய்விட்டான். "அப்பாகிட்ட நீயாவது பேசேன்டா" என்றேன். "என்ன பேச சித்தி? நான் பேசினா மார்க் கேப்பாரு" என்கிறான். வேலைக்குப் போய் எத்தனை காலம் ஆகிறது அவன்!

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போனபோது ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் உங்கள் பழைய மாணவர் ஒருவர் வழிமறித்தார். தலை முழுக்க நரை. "சாரு இப்பவும் அதே கண்டிப்புதானாக்கா?" என்று கேட்கும்போதே உள்ளங்கையைத் தடவிக்கொண்டார். உங்கள் பிரம்புக்கு அவ்வளவு ஞாபகசக்தி.

அங்கே பிரம்பு கிடைக்கிறதா?

இப்படிக்கு,
அதிரசம் தின்று தேறிவரும்
பாண்டிசெல்வி

*

லாவோஸ்
7-12-2024

செல்விக்கு,

நலம். குளிர் அதிகம்.

பொடி வந்தது.

தங்கப்பாண்டியன்

*

ராஜபாளையம்
14-12-2024

அத்தான் அவர்களுக்கு, பாண்டிசெல்வி கோபத்துடன் எழுதுவது. எங்கள் சவுக்கியம் கிடக்கட்டும்.

ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்தால் வந்தது அவ்வளவுதான். நன்றாக இருந்ததா, உப்பு சரியா, கெட்டுப்போகாமல் வந்ததா, ஒன்றுமில்லை. அக்கா அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தாள். "கீழ வேற எதுவும் இருக்கா?" என்றாள். இல்லை என்று எப்படிச் சொல்வது? "இறங்கிக்கிட்டு இருக்கு, மீதி வரும்" என்று சொல்லி வைத்தேன். அதையும் நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் பாவி.

சரி. இப்போது நான் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். உங்கள் அமைப்பு பேஸ்புக்கில் போட்ட வீடியோவை கௌதம்ராஜ் அனுப்பியிருந்தான். "சித்தி, இது அப்பாவான்னு பாருங்க, எனக்குச் சந்தேகமா இருக்கு" என்று எழுதியிருந்தான்.

அத்தான், அதில் நீங்கள் தவளையாகக் குதிக்கிறீர்கள்.

வேட்டி இல்லை, பேண்ட்டை மடித்துவிட்டிருக்கிறீர்கள். தலையில் பச்சைக் காகிதத்தில் இரண்டு கண். குத்துக்காலிட்டு, கன்னத்தை உப்பி, "ஃப்ராக், ஃப்ராக்" என்று குதிக்கிறீர்கள். பின்னால் பிள்ளைகள் வரிசையாகக் குதிக்கிறார்கள். ஒரு சிறுசு உங்கள் முதுகில் ஏறுகிறது. நீங்கள் அதை ஒன்றும் சொல்லவில்லை! உங்கள் சகலை நாலு தடவை பார்த்துவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி பார்த்தார்.

உடனே பஸ் ஏறிப் போய் அக்காவுக்குக் காட்டினேன். அவள் முதலில், "யாரு இது கோட்டிக்காரன்?" என்றாள். பிறகு போனைப் பிடுங்கிக்கொண்டாள். சிரித்தாள் பாருங்கள்! பக்கத்து வீட்டு வெள்ளைத்தாய் என்னமோ ஏதோ என்று ஓடி வந்தாள். "முழங்காலு! முழங்காலு இதுக்குத்தானாட்டி!" என்று என் தொடையில் அடித்தாள்.

அப்புறம் சட்டென்று நின்றுவிட்டது. போனை என் கையில் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "கௌதமு சின்னப் பிள்ளையா இருக்கையில ஒரு நாளு இப்பிடிக் குதிச்சிருந்தா என்ன? அவன் அப்பாவைக் கண்டா கட்டிலுக்கடியில போயி ஒளிவான்."

இதை நான் சேர்த்தும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்றும் அவள் சொல்லவில்லை.

பாண்டிசெல்வி

*

லாவோஸ்
11-1-2025

அன்புள்ள செல்விக்கு,

பொங்கல் வாழ்த்துகள். எல்லாரும் நலம்தானே? அக்காவும் நலம்தானே?

வீடியோ எடுத்தது எனக்குத் தெரியாது.

உண்மையை எழுதுகிறேன். வந்த முதல் வாரம் நான் நடத்திய பாடம் யாருக்கும் புரியவில்லை. கரும்பலகை நிறைய எழுதிப்போட்டுவிட்டுத் திரும்பினால் பாதிப் பிள்ளைகள் தூங்கிவிட்டிருந்தார்கள். மீதிப் பேர் என் குரலுக்குப் பயந்து ஜன்னல் வழியாக இறங்கி ஓடிவிட்டார்கள். நொய் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், நாளையிலிருந்து எழுத்து வேண்டாம், விளையாட்டு மட்டும்" என்றாள். அன்று இரவே திரும்பிவிடலாம் என்று பெட்டியைக் கட்டினேன். ஆனால் வீட்டில் கேட்காமல் வந்தவன் எந்த முகத்தோடு திரும்புவது? மறுநாள் தவளை. அதற்கடுத்த நாள் வாத்து. இப்போது ஓடிய பிள்ளைகள் பள்ளி திறக்கும் முன்னால் வந்து என் அறைக் கதவைத் தட்டுகிறார்கள்.

அறுவடையில் வரப்பில் பாடம் நடந்ததாக எழுதியிருந்தேன். அதுவும் வாத்துதான்.

கட்டில் விஷயத்தைப் படித்தேன். அவன் ஒளிவது எனக்குத் தெரியும். மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பொடி தீர்ந்துவிட்டது. இங்கே மண் உரலும் மர உலக்கையும்தான். தேங்காய்த் துவையல் அரைத்துப் பார்த்தேன், நார் நாராக வந்தது.

இன்னொன்று. மே மாதத்தோடு என் காலம் முடிகிறது. இன்னும் ஒரு வருடம் இருக்கும்படி கேட்கிறார்கள். பிப்ரவரிக்குள் பதில் சொல்ல வேண்டும். உன் அக்கா "வா" என்று ஒரு வார்த்தை சொன்னால் வந்துவிடுகிறேன். சொல்வாளா என்று கேட்டு எழுது.

அன்புடன்,
தங்கப்பாண்டியன்

*

ராஜபாளையம்
20-1-2025

அன்புள்ள அத்தானுக்கு, செல்வி வணக்கம். பொங்கல் நல்லபடியாகப் பொங்கியது. இனி உங்கள் இருவர் கதை.

கேட்டேன். அக்கா சொன்னது: "போறப்ப என்னையக் கேட்டா போனாக? வாரதுக்கு மட்டும் நான் எதுக்குச் சொல்லணும்? அவியளுக்கு வரணும்னு இருந்தா வரட்டும்." நீங்கள் அவள் சொன்னால் வருவீர்கள். நீங்களாக வந்தால் அவள் பேசுவாள். நான் இதற்கு நடுவில் ஒரு ஆளுக்குப் பதினைந்து ரூபாய் டிக்கெட் எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் அலைகிறேன். கண்டக்டர் என்னைப் பார்த்ததும், "என்னக்கா, வாத்தியாரு எறங்கி வந்துட்டாரா?" என்கிறார்.

அக்கா போக்கும் சரியில்லை. போன வாரம் கண் பார்க்கிறேன் என்று என்னை விட்டுவிட்டு மதுரைக்குப் போனாள். கண்ணாடியும் வாங்கவில்லை, சொட்டு மருந்தும் இல்லை. நேற்று வீட்டுக்கு போலீஸ்காரர் வந்து போனதாக வெள்ளைத்தாய் சொல்கிறாள். அக்காவைக் கேட்டால், "உங்க அத்தான் மேல கேஸு குடுத்திருக்கேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

இன்றோடு நான் ஸ்டிரைக். இனி யாருக்காகவும் சொல்ல மாட்டேன், கேட்க மாட்டேன், கூட்டியும் சொல்ல மாட்டேன். அவளுக்குக் கை இருக்கிறது. எட்டாவது வரை படித்தவள், எனக்கு மூன்று வகுப்பு மூத்த படிப்பு. உங்கள் நம்பரை அவள் போனில் மறுபடி பதிந்துவிட்டேன். "தவளை" என்று போட்டிருக்கிறேன்.

இத்துடன் மாவு வியாபாரத்தை மட்டும் கவனிக்கப் போகும்
பாண்டிசெல்வி

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
9-2-2025

வணக்கம். இங்கு நலம். அங்கு குளிருக்குக் குல்லா போடுகிறீர்களா?

செல்வி ஸ்டிரைக். அதனால் நானே எழுதுகிறேன்.

நீங்கள் வர வேண்டாம்.

போகும்போது நீங்கள் என்னைக் கேட்கவில்லை. நானும் உங்களைக் கேட்காமல் பாஸ்போர்ட் எடுத்துவிட்டேன். மதுரையில் போட்டோ எடுத்தார்கள், நன்றாக இல்லை. போலீஸ்காரர் வந்து விசாரித்தார். உங்களிடம் படித்தவராம். காபி குடிக்கவே பயந்தார்.

டிக்கெட் கௌதமு போடுகிறான். சித்திரை லீவுக்கு வருகிறேன். நீங்கள் ரிட்டயர்ட் ஆனதும் இரண்டு பேருமாக எங்காவது போகலாம் என்று நினைத்திருந்தேன். எங்கே என்று நினைக்கவில்லை. அது லாவோஸாக இருந்தால் இருக்கட்டும்.

இடத்தைப் பார்த்துவிட்டு, வருவதா இருப்பதா என்று அங்கே வைத்துப் பேசிக்கொள்ளலாம். என்னை எந்தப் பிள்ளைக்கு முன்னாலும் குதிக்கச் சொல்லக் கூடாது.

பொடியில் உப்பு எப்படி இருந்தது?

செல்லத்தாய்

*

லாவோஸ்
15-2-2025

செல்லத்தாய்க்கு,

வா.

நொய்யிடம் இன்று சொல்லிவிட்டேன், "என் மனைவியைக் கேட்டுத்தான் சொல்வேன், ஏப்ரல் வரை பொறுக்க வேண்டும்" என்று. வேறு யாரிடமும் இன்னும் சொல்லவில்லை.

இங்கேயும் சித்திரை ஒன்றுதான் வருடப்பிறப்பு. தெருவில் ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றுவார்கள். மாற்றுச் சேலை அதிகமாக எடுத்து வா. நான் ஏர்போர்ட்டுக்கு முந்தின நாளே வந்துவிடுவேன். கௌதமுவுக்கு இன்று காலை சந்தையில் இருந்து போன் செய்தேன். மார்க் கேட்கவில்லை.

உப்பு சரியாக இருந்தது. முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும்.

தங்கப்பாண்டியன்

(உன் கடிதத்தில் பிழை இருந்தது. வட்டம் போடவில்லை.)

*

ராஜபாளையம்
11-4-2025

அன்புள்ள அத்தானுக்கு, ஸ்டிரைக்கை வாபஸ் வாங்கிய பாண்டிசெல்வி எழுதுவது. இந்நேரம் அக்கா வந்து சேர்ந்திருப்பாள். வந்ததும் முதலில் காலுக்கு வெந்நீர் கொடுங்கள், பிறகு சண்டை போடுங்கள்.

நேற்று நானும் உங்கள் சகலையும் மதுரைக்குப் போய் ஏற்றிவிட்டோம். சிங்கப்பூரில் மாற வேண்டிய விவரத்தை கௌதமு பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தான். அக்கா அதைத் தாலிச்சரடு மாதிரி கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டாள். அழவில்லை. "ஏட்டி, எம்புட்டு நேரம் வாசல்ல நிப்ப? போயி டீ குடி" என்று என்னை விரட்டினாள். இந்த முறை டீக்கடைக்காரரைக் கேட்டுவிட்டுத்தான் டாட்டா காட்டினேன்.

கைப்பையில் அவள் அம்மிக்குழவியை வைத்திருந்தது எனக்குத் தெரியாது. "துவையலு நார் நாரா வருதுன்னு எழுதியிருந்தாகள்ல. கல்லு அங்க ஆத்துல கெடக்கும், அம்மிக்கு ஆச்சு. குழவிக்கு எங்க போக?" என்றாளாம் சோதனை செய்த பெண்ணிடம். அந்தப் பெண் மேலதிகாரியைக் கூப்பிட்டாள். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். யாருமே அதைத் தூக்கிக்கொண்டு பறக்க விடவில்லை. உள்ளேயிருந்து ஒரு காவலர் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து வெளியே எங்களிடம் கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்கினார். உங்கள் கல்யாணத்தில் நீங்கள் அவள் காலைத் தூக்கி வைத்தீர்களே, அதே அம்மியின் குழவிதான்.

பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன். கண்டக்டர் குழவிக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டார். கல்லுப்பட்டி தாண்டி ஒரு மாடு குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக் போட்டார். குழவி உருண்டு போய் அதே கண்டக்டரின் கால் பெருவிரலில் நின்றது. கிருஷ்ணன்கோவிலில் இறங்கிக் கட்டுப் போட்டுக்கொண்டார். மீதித் தூரத்துக்கு உங்கள் சகலை விசில் ஊதினார்.

இப்படிக்கு,
நீங்கள் இருவரும் திரும்பும்வரை குழவிக்குக் காவலிருக்கும்
பாண்டிசெல்வி